யுக்காவுக்கு வக்காலத்து

செடி வளர்த்ததற்காக இத்தனை வசவு வாங்கியவள் கம்பம் பள்ளத்தாக்கில் என்னைத் தவிர இன்னொருத்தி இருந்தால் சொல்லுங்கள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து என் கையால் காபி போட்டுத் தருகிறேன். இத்தனைக்கும் நான் கஞ்சா வளர்க்கவில்லை. அதை மலையடிவாரத்தில் வளர்த்தவர்களுக்கு ஊருக்குள் நல்ல மரியாதை இருந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். நான் வளர்த்தது ஒரு யுக்கா. வீட்டு வாசலுக்கு இடதுபுறம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரே ஒரு யுக்கா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்த்தால் கற்றாழைக்கு அக்காள் போல இருக்கும். கத்தி கத்தியாக இலை, நுனியில் ஊசி. கற்றாழை தரையோடு கிடக்கும்; இது தண்டு விட்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். கற்றாழையை வெட்டினால் சோறு இருக்கும், இதில் நார்தான். வளர்ந்த செடி என்றால் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, அதில் வெள்ளை வெள்ளையாய், மணி மணியாய்ப் பூ தொங்கும். சாயங்காலம் விரிந்து லேசாக மணக்கும். சில நாளில் கொட்டிவிடும். அவ்வளவுதான் அதன் சங்கதி.

எங்கள் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் லாரி ஓட்டினார். தோட்டத்து பங்களாவுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் யுக்கா வரிசையாக நிற்கும். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது என்பார்கள். அதன் இலை நுனியை ஒடித்து மெதுவாக இழுத்தால் ஊசியோடு நாரும் சேர்ந்து வரும். ஊசியும் நூலும் ஒன்றாகக் கிடைத்துவிட்டது என்று நாங்கள் பலா இலைகளைக் கோத்துக் கிரீடம் தைத்துப் போட்டுக்கொள்வோம். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்காது. கையைக் கிழித்துக்கொண்டு வந்தால் முதுகில் இரண்டு வைப்பாள். மறுநாளும் போவோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் காமயகவுண்டன்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல குடும்பம். திராட்சைத் தோட்டம், கொஞ்சம் நெல் வயல், சொந்தக் காரைவீடு. மாமனார் இல்லை, தோட்டமும் வீடும் மாமியார் கையில். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரே மகன். ஒரு மகளைச் சுருளிப்பட்டியில் கொடுத்திருந்தார்கள். மாமியார் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு முதல் கரண்டிச் சோறு போட்டுவிட்டுத்தான் தனக்குப் போட்டுக்கொள்வார். ஆனால் அந்த வீட்டில் காய்க்காத எதற்கும் தண்ணீர் கிடையாது. வாசலில் எலுமிச்சை, கொல்லையில் முருங்கை, துவைகல்லுக்குப் பக்கத்தில் வாழை, வேலியில் அவரை. ஒரு செடியைப் பார்த்ததும் அவர் கண் முதலில் போவது காய் இருக்கிற இடத்துக்குத்தான். திராட்சைக்காரர்கள் எல்லாருக்குமே அந்தக் கண் உண்டு.

கல்யாணமாகி முதல் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது பங்களாப் பாதையில் ஒரு யுக்காவின் அடியிலிருந்து பக்கக்கன்று ஒன்றைப் பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். போடியில் பஸ் ஏறியதும் கண்டக்டர் கூப்பாடு போட்டார்.

"ஏம்மா, இத மடியில வச்சுக்கிட்டா உக்காரப் போற? பக்கத்துல உக்கார்றவன் பொழைக்க வேண்டாமா?"

"பக்கத்துல உக்கார்றது எங்க வீட்டுக்காரகதாண்ணே. அவுக பொழைச்சுக்குவாக."

பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உத்தமபாளையத்தில் பஸ் மாறும்போது அந்தச் சாக்கை அவர்தான் தூக்கி வந்தார். வேட்டியில் இரண்டு இடத்தில் கிழிசல்.

மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "என்னத்தா இது? ஆத்தா வீட்டுக்குப் போனா அதிரசம் முறுக்குன்னு கொண்டாருவாக. நீ முள்ளக் கொண்டாந்திருக்க!"

"பூப்பூக்கும் அத்தே."

"கொண்டையில வைக்கலாமா?"

"அம்புட்டுப் பெருச வைக்க முடியாது."

"சாமிக்கு ஆகுமா?"

"யாரும் வச்சுப் பாக்கல."

"காயி?"

"எங்க தோட்டத்துல காய்ச்சு நான் பாத்ததில்ல."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். "முள்ளுச்செடி வாசல்ல ஆகாது, கொல்லையில வையி" என்று சத்தம் மட்டும் வந்தது. கொல்லையில் முருங்கை நிழல். யுக்காவுக்கு வெயில் வேண்டும். நான் வாசலில்தான் வைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வழக்கு.

வேடிக்கை என்னவென்றால், வாசலில் வைக்காதே என்று சொன்ன அதே மாமியார் மறுநாளிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். வந்த செடியைக் காயப் போட அவருக்கு மனது வரவில்லை. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், எல்லாம் அதன் காலடியில். ஆண்டிபட்டிப் பக்கத்து ஆளாக இருந்தால் இப்படி ஊற்றியிருக்க மாட்டார். அங்கே தண்ணீரின் அருமை தெரியும். எங்கள் பக்கம் முல்லையாற்றுப் பாசனம். செடி வாடினால் தண்ணீர், வாடாவிட்டாலும் தண்ணீர். "அத்தே, இதுக்கு ஊத்தாதீக, அழுகிப்போகும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. "தண்ணி ஊத்தி அழுகுற செடிய நான் எங்கன பாத்தேன்!" என்று இன்னொரு சொம்பு ஊற்றினார்.

அழுகித்தான் போனது. அடித்தண்டு பொதபொதவென்று ஆகி, தொட்டால் நாற்றம். நான் அழவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அரிவாள்மனையை எடுத்து வந்து, அழுகிய பாகம் முழுவதையும் அறுத்து எறிந்துவிட்டு, நல்ல தண்டு தெரிகிறவரை சீவி, தலையை மட்டும் ஆட்டுக்கல் மேல் நிழலில் உலரப் போட்டேன். மாமியார் குனிந்து பார்த்தார்.

"என்னத்தா, கருவாடா போட்டிருக்க?"

"ஆமா அத்தே. ஒங்க தண்ணியில செத்தது. காயட்டும்."

வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகு, சுருளியாற்று மணலும் ஓட்டுச் சில்லும் கலந்து வாசலில் மேடு கட்டி அதில் நட்டேன். மேட்டில் நின்றால் தண்ணீர் தேங்காது. சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அந்த நாட்களில் மாமியார் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்! சொம்போடு வாசலுக்கு வருவார், என் முகத்தைப் பார்ப்பார், எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டுப் போவார். "ஒரு சீவனப் பட்டினி போட்டு வளக்குறாளே" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் புலம்பினார். நடுக்குருத்தில் புது இலை ஒன்று எட்டிப் பார்த்த அன்று நான் தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அது பாட்டுக்கு வளர்ந்தது. அடியில் காய்ந்து தொங்கும் இலைகளைக் கீழ்நோக்கி இழுத்து உரித்துவிடுவேன். மேலே இழுத்தால் தண்டின் தோல் கிழியும். திராட்சையிலிருந்து மாவுப்பூச்சி தொற்றிக்கொள்ளும். இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் சவர்க்காரத் தண்ணீரில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்துவிடுவேன். ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். வேறு வேலை எதையும் அது என்னிடம் கேட்டதில்லை.

ஒருநாள் வீட்டுக்காரரின் கெண்டைக்காலில் ஊசி ஏறி ரத்தம் வந்துவிட்டது. அவ்வளவுதான், மாமியார் சொல்ல, இவர் திராட்சைக் கவாத்துக் கத்திரியை எடுத்து வந்து எல்லா இலையின் நுனியையும் கத்தரித்துவிட்டார். நான் வயலிலிருந்து வந்து பார்க்கிறேன், காது அறுந்த ஆடு போல நிற்கிறது. வந்ததே கோபம் எனக்கு!

"இனி இது மேல ஒங்க கத்திரி பட்டுச்சு, ஒங்க கொடி மேல எங் கத்திரி படும். பாத்துக்கங்க!"

"ஏ புள்ள, கத்தாத. தெரு பாக்குது."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

மறுநாள் காலையில் அவர் செங்கல் பாவி, வாசலுக்கு வரும் நடைபாதையைச் செடியிலிருந்து தள்ளிப் போட்டார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. வாயைத் திறக்க மாட்டார், கையால் ஏதாவது செய்வார்.

சில வருடம் கழித்து, ஓர் ஆனி மாதம் அது பூத்தது. குமுளிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிக் கூரை ஓடுகளையெல்லாம் தூக்குகிற மாதம். பார்த்துப் பார்த்துப் பூக்க அதுக்கு அந்த மாதம்தானா கிடைத்தது! பூத்தண்டு அப்படியும் இப்படியும் ஆடியது, எந்த நிமிஷமும் ஒடிந்துவிடும் போல. திராட்சைப் பந்தலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கம்பியைக் கொண்டுவந்து, ஒரு கல்தூணைப் பக்கத்தில் ஊன்றி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தண்டு நோகாமல் கட்டியவர் என் வீட்டுக்காரர்தான். நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

தெருவே வந்து பார்த்தது. மாமியார்கூடச் சாயங்காலம் முக்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். "வெங்கல மணி கெணக்கா தொங்குது" என்றார். பூவெல்லாம் கொட்டிய பிறகும் அவர் அந்த முக்காலியை எடுக்கவில்லை. தினமும் காலையில் கழுத்தை நீட்டிக் காம்பு காம்பாகப் பார்த்தார். காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்! தண்டு முழுவதும் காய்ந்து வெறும் குச்சியானதும் முக்காலியை உள்ளே எடுத்துப்போட்டுவிட்டு, "இம்புட்டுப் பூத்து ஒண்ணுகூட நிக்கலையே" என்றார். அடுத்த வருடமும் பூத்தது. அடுத்த வருடமும் நிற்கவில்லை.

இதற்கான காரணம் ரொம்பக் காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது ஒரு பத்திரிகையில் படித்தேன். யுக்காவின் சொந்த தேசத்தில் அதற்கென்றே ஒரு சின்ன அந்துப்பூச்சி இருக்கிறதாம். அதுதான் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். கப்பலேற்றிச் செடியைக் கொண்டுவந்தவன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அந்தப் பூச்சி இல்லாத ஊரில் எவ்வளவு பூத்தாலும் காய் அபூர்வமாம். செடியில் ஒரு குறையும் கிடையாது! மாமியார் அப்போது போய்ச் சேர்ந்திருந்தார். யாரிடம் போய்ச் சொல்ல? பல்வலியோடு சேர்த்து அந்தக் கோபத்தையும் மென்று தின்றேன்.

காய் என்ற பேச்சு ஏன் எனக்கு இப்படிச் சுடுகிறது என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். சந்தைக்குப் போனாலும் கேட்பார்கள், சாவு வீட்டுக்குப் போனாலும் கேட்பார்கள். எனக்குப் பிள்ளை ஆசை இல்லையா என்றால், இருந்தது. பிறர் பிள்ளையைத் தூக்கினால் கீழே விட மனது வராது. அதற்காக நான் தெருவில் தலையைக் குனிந்து நடக்க வேண்டும் என்றால், அது மட்டும் முடியாது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என்னை எல்லாவிதமாகவும் சோதித்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை அவரைப் பார்க்கணும், கூட்டிட்டு வாங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். பஸ் ஆண்டிபட்டியில் நின்றபோது இறங்கிப் போய் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். நீட்டியபடியே, "ஆத்தாகிட்டச் சொல்லாத" என்றார். நான் சரி என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த தடவை என்று டாக்டரம்மா சொன்ன நாள் வந்தது, போனது. தோட்டத்தில் மருந்தடிப்பு என்றார். பிறகு அறுப்பு என்றார். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டில் குறை என்னிடம் என்றே இருந்தது. அவர் மானத்தை என் தலைமேல் வைத்துச் சுமந்தேன். அதற்குப் பெயர் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவேன். எனக்கு அவர் மேல் பிரியம், அவ்வளவுதான்.

சுருளிப்பட்டி நாத்தனாருக்கு வயதுக்கு வந்த மகள் இருந்தாள். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். என்னைக் கட்டியதே நாத்தனாருக்குக் குறைதான், மகள் அப்போது சின்னவளாகப் போய்விட்டாள். இப்போது வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று யுக்காவைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். "முள்ளு மரம், அதுலயும் மலட்டு மரம். வாசல மறிச்சுக்கிட்டு நின்னா வீட்டுக்குள்ள புள்ள எப்படி வரும்?" செடியைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று கேட்கத் தேவையே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். தை பிறந்தால் தன் மகளைத் தம்பிக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடலாம் என்று மாமியாரிடம் பேசியும் விட்டார். நான் அங்கேயே இருக்கலாமாம், யாரும் என்னைப் போகச் சொல்லவில்லையாம். எவ்வளவு பெரிய மனசு!

ஒரு காலையில் சாணி தெளிக்க வாசலுக்கு வந்தேன். யுக்காவின் தண்டில் தேய்ந்துபோன விளக்குமாறும் பிய்ந்த செருப்பும் தொங்கின. எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு இப்படிக் கட்டுவார்கள். அவமானம் தாங்காமல் அடுத்த வருடம் மரம் காய்க்குமாம். புளியமரத்துக்குக் கட்டிப் பார்த்திருக்கிறேன், தென்னைக்குக் கட்டிப் பார்த்திருக்கிறேன். என் வாசலில், என் செடிக்குக் கட்டி இப்போதுதான் பார்த்தேன். அவிழ்த்தேன். செருப்பைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவி, அடுப்படியில் உட்கார்ந்திருந்த மாமியாரின் காலடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"ஒங்க செருப்பு அத்தே. தொலைச்சிட்டீக."

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கோவப்படாத. நா ஒனக்குக் கெடுதல் நெனைப்பனா? வெள்ளிக்கெழம சுருளிப்பட்டிக்காரி வாரா. முடிவு கேக்குறா. நா ஒண்ணு சொல்றேன், கேளு. நம்ம எலுமிச்ச காய்க்காமக் கெடந்தப்ப என்ன செஞ்சோம்? அவன் அருவாள ஓங்கி, வெட்டவான்னு கேட்டான். நா குறுக்க விழுந்து, வேண்டாம்ப்பா, வர்ற வருசம் காய்க்கும்னு சொன்னேன். காய்ச்சுச்சா இல்லையா?"

"காய்ச்சுச்சு."

"அதே மாதிரி இதுக்கும் செய்வோம். அவன் ஓங்கட்டும். நீ குறுக்க நின்னு காய்க்கும்னு சொல்லு. ஒத்தச் சொல்லு. நீ சொல்லிட்டயின்னா, ஒரு வருசம் பொறுத்துப் பாப்போம்னு நா எம் மகள நிறுத்தி வைக்கிறேன். இது காய்க்கையில ஒனக்கும் தங்கிரும். தங்கலைன்னா... அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லாத."

அவர் கண் கலங்கியிருந்தது. நம்பித்தான் சொன்னார். எனக்காக ஒரு வருடத்தை வாங்கித் தர அவரால் முடிந்த ஒரே வழி அது. ஒத்தச் சொல்லு! சொல்லிவிட்டால் தை மாதம் தப்பித்துவிடலாம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மியில் அரைக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கூடப் பார்த்தேன். காய்க்கும், காய்க்கும், வர்ற வருசம் காய்க்கும்.

வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் வந்துவிட்டார். மாமியார் செடிக்கு முன்னால் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். திராட்சை ஆயப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு மதினி இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்தபடியே ஓடி வந்தாள். என் வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். முகத்தை மழிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"ம்... கேளுடா" என்றார் மாமியார்.

அவர் அரிவாளை ஓங்கினார். "காய்ப்பியா, மாட்டியா? வெட்டட்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவருக்கும் செடிக்கும் நடுவே போய் நின்றேன். இலை ஒன்று முதுகில் குத்தியது. சொல்லிவிடலாம் என்றுதான் போய் நின்றேன், சத்தியமாக. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"காய்க்காது."

கூட்டத்தில் யாரோ "அடியாத்தி!" என்றார்கள்.

"ஏடி, என்ன சொல்ற? காய்க்கும்னு சொல்லுடி!" மாமியார் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"மாட்டேன் அத்தே. இது எங்க தோட்டத்துலயும் காய்க்கல, இங்கனயும் காய்க்காது. பூக்கும், கொட்டும். அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். காய்க்கும்னு பொய் சொல்லி ஒரு வருசம், அடுத்த வருசம் இன்னொரு பொய்யா? வெட்டுறதுன்னா வெட்டுங்க. நா கெஞ்ச மாட்டேன்."

நாத்தனார் முன்னால் வந்தார். "கேட்டியாடா? அவளே சொல்லிட்டா. வெட்டு! வெட்டிட்டுத் தையில..."

"மதினி, நீங்க செத்த சும்மா இருங்க" என்றேன். என் வீட்டுக்காரரை நேராகப் பார்த்தேன். "ஒங்களத்தான். என்னையப் பாத்துக் கேளுங்க. இன்னொருக்கா கேளுங்க."

அரிவாள் ஓங்கியபடியே இருந்தது. நான் வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆண்டிபட்டியில் சரி என்று சொன்னது சொன்னதுதான், என் வாயால் அது வெளியே வராது. ஆனால் அவர் கேட்காமல் நான் நகரப் போவதும் இல்லை. அவருக்குப் பின்னால் தெரு முழுக்க ஆட்கள்.

அவர் அரிவாளை இறக்கினார். கல்தூணில் சாய்த்து வைத்தார். மாமியாரைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஆத்தா, மதுரையில டாக்டரம்மா இவகிட்ட ஒரு கொறையும் இல்லன்னுட்டாக. என்னையத்தான் வரச் சொன்னாக. நாந்தான் பயந்துக்கிட்டுப் போகல. யாரக் கொண்டாந்து கட்டி வச்சாலும் இதே கததான்."

"வாய மூடுறா, ஆம்பளப் பய பேசுற பேச்சா இது!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ ஒம் மகள நல்ல எடத்துல குடு, அக்கா" என்றார் அவர்.

இந்த இடத்தில் நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. இவ்வளவு நாள் ஆயிற்றா உனக்கு என்றுதான் இருந்தது. அப்புறம் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை. நாத்தனார் காபிகூடக் குடிக்காமல் டவுன் பஸ் ஏறினார். அந்தப் பெண்ணைத் தையில் கூடலூரில் கொடுத்தார்கள்; நாங்கள் இரண்டு பேரும் போய் முன்னால் நின்று தாய்மாமன் சீர் செய்தோம். திராட்சைப் பெண்கள் முணுமுணுத்தபடி தோட்டத்துக்குப் போனார்கள். எதிர் வீட்டு மதினியின் இட்லி தீய்ந்து தெருவெல்லாம் வாடை.

வாசலில் மாமியாரும் நானும் மட்டும் நின்றோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. யுக்காவை மேலிருந்து கீழே வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது காய்க்கவே காய்க்காதா?"

"காய்க்காது அத்தே."

"அப்பறம் என்னத்துக்குடி இத வளக்குற?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.